ஜன்னலைத் திறந்து வைத்து ஓதியவர்

எங்கள் அண்ணன் இறைவனிடம் திரும்பி ஓராண்டு ஆகிவிட்டது. "நினைவு மலரெல்லாம் எதுக்கு? துஆ செஞ்சா போதாதா?" என்று உறவில் சிலர் கேட்டார்கள். துஆ என்னும் பிரார்த்தனையை நாள்தோறும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். அண்ணனை "மறந்த ஹாபிஸ்" என்று வாய் கூசாமல் சொன்னவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இந்த மலர்.

ராயபுரத்தில், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எங்கள் அத்தாவின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அண்ணன். மீசை அரும்பும் முன்பே குர்ஆன் முழுவதையும் மனனம் செய்து ஹாபிஸ் ஆனார். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் அத்தா மவுத்தாகி எங்களை விட்டுப் போனார்கள். அம்மாவையும் என்னையும் காப்பாற்ற அண்ணன் சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குத் தகடு வெட்டப் போனார். மனனம் செய்ததைத் தினமும் ஓதிப் பார்க்க வேண்டும், விட்டால் நழுவிவிடும். வேலை முடித்து வந்து சாய்கிற உடம்புக்கு ஓத எங்கே தெம்பு? நழுவிவிட்டது. பின்னாளில் கேலி பேசிய ஒருவரும் அன்று ஒரு படி அரிசி கொண்டுவந்து கொடுத்ததில்லை.

நாற்பது தாண்டிய பிறகு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். எங்கள் மாமா சிரித்தார். "ஐம்பதுல வளையுமாடா?"

"அஞ்சுல ஒருவாட்டி வளைஞ்சதுதான மாமா? வளையும்" என்றார் அண்ணன்.

இரும்புக் கடையில் தகடு வெட்டும் இயந்திரம் அலற, வாசலில் டிரெய்லர் லாரிகள் உறும, அதற்குமேல் குரலெடுத்து ஓதினார். கத்தினால்தான் அவர் குரல் அவருக்கே கேட்கும். அப்படியே முழுவதையும் மீட்டார். ரமலானில் திருவொற்றியூரில் எங்கள் தெருப் பள்ளிவாசலில், குர்ஆனை மனப்பாடமாக ஓதி நடத்தும் தராவீஹ் இரவுத் தொழுகையைத் தொழவைக்க அழைத்தார்கள்.

அந்த வருடம்தான் பள்ளிவாசலில் ஏசி போட்டிருந்தார்கள். ஜன்னல் எல்லாம் அடைத்து, ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. மாடியில் பெண்கள் பகுதியில் நான் நின்றிருந்தேன். மூஸா நபியின் வரலாறு குர்ஆனில் பல அத்தியாயங்களில் வரும். சில வசனங்கள் ஒன்றுபோலவே இருக்கும். அங்கே கவனம் பிசகினால் வேறு அத்தியாயத்துக்குள் போய்விடுவோம். அண்ணன் போய்விட்டார். பின்னால் நின்ற இன்னொரு ஹாபிஸ் சரியான வசனத்தை எடுத்துக்கொடுத்தார். மறுபடி தடுமாறினார்.

தொழுகை முடிந்ததும் மாமா எல்லார் முன்னாலும் சொன்னார்: "இரும்புக் கடைக்காரனுக்கு இதெல்லாம் தேவையா? வேற ஆளப் பாருங்க."

அண்ணன் தலைகுனியவில்லை. பள்ளிவாசல் தலைவரிடம் போனார். "பாய், சத்தம் இல்லாத எடத்துல எனக்கு ஓட மாட்டேங்குது. நாளைக்கு ஜன்னலத் தொறந்து வுடுங்க."

"இன்னா பாய் சொல்றீங்க? இப்பதான ஏசி போட்டுகீறோம்! ரோட்ல கண்டெய்னர் லாரி போய்க்கினே கீது, காது கிழிஞ்சுடும்!"

"கிழியட்டும் பாய். அந்தச் சத்தத்துலதான் திரும்பப் புடிச்சேன். நாளைக்கும் நான்தான் நிப்பேன்."

மறுநாள் ஜன்னல்கள் திறந்தன. தொழ வந்த ஜமாஅத் முழுக்க வேர்வையில் நனைந்தது. தூசி வந்தது, ஹாரன் வந்தது. முந்தின நாள் சறுக்கிய பகுதியையே மறுபடி எடுத்து, அதே வசனத்தை அண்ணன் தாண்டிப் போனார். எங்கும் நிற்கவில்லை. அந்த ரமலான் முழுவதும் அவரே தொழவைத்தார். மனப்பாடம் என்றால் கிளிப்பிள்ளை வேலை என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கிளி கூண்டுக்குள் இருந்து படிக்கிறது. என் அண்ணன் எங்களுக்காக உழைத்த இடத்தில் நின்று படித்தார்.

கடைசி நாட்களில் நுரையீரல் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடி ஜன்னல் போட்ட அறை. உதடு அசையும், ஓதத் தொடங்கி, பாதியில் நின்றுவிடும். பார்க்க வந்த மாமா என் காதருகே சொன்னார்: "பாத்தியா, மறுபடியும் மறந்துட்டான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் ஜன்னலைத் தள்ளித் திறந்தேன். "தூசு வருதுக்கா, மூடுங்க!" என்றார் நர்ஸ். "வரட்டும்மா, கொஞ்ச நேரம்" என்றேன். கீழே துறைமுகச் சாலை. லாரிச் சத்தம் அறைக்குள் வந்தது. அண்ணன் விட்ட இடத்திலிருந்து எடுத்தார். அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் வாயை மூடினார். மாமா அங்கேதான் நின்றிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அண்ணனோடு வேர்வையில் நின்று தொழுதவர்களுக்கும், ஜனாஸாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், ஜன்னலை மூடாமல் விட்ட நர்ஸுக்கும் எங்கள் நன்றி. அந்நேரம் ஹாரன் அடித்துக்கொண்டே கீழே போன, பேர் தெரியாத அந்த லாரிக்காரருக்கும்.