சாய்ந்த எழுத்து

எந்த வண்டியானாலும் பென்சில் அண்ணன் முதலில் எஞ்சின் எண்ணின் கடைசி இடத்தைத்தான் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துப் பிசுக்கைத் துடைப்பார். மெல்லிய தாளை எண்ணின் மேல் ஒட்டிப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்ப்பார். "காட்டு கண்ணு, வெக்கப்படாம காட்டு" என்று எஞ்சினைக் கெஞ்சுவார். கருப்புக்கு நடுவே எழுத்தும் எண்ணும் வெளுப்பாக மேலெழுந்து வரும். தாள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டும் அவருக்கு. கொஞ்சம் சாய்ந்தாலும் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு வேறு தாள் எடுப்பார்.

வாகன அலுவலகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய கார் கைமாறினாலோ எஞ்சினை மாற்றினாலோ எஞ்சின் எண்ணை இப்படிப் பென்சிலால் தேய்த்தெடுத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கார் வாங்குகிறவர்களுக்குச் சட்டை கசங்கக் கூடாது. அதனால் இவரைக் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் இந்தத் தெருவுக்கு அவர் பென்சில் அண்ணன். காதுமேல் பென்சில், கக்கத்தில் பழைய கார் சீட்டிலிருந்து அறுத்தெடுத்த ஒரு துண்டுப் பஞ்சு. அதன்மேல்தான் மண்டியிடுவார். வருவதும் போவதும் பேருந்தில். யாராவது "ஏறிக்கங்க, இறக்கி விடறேன்" என்றால், "காரைப் பார்க்கத்தான் பிடிக்கும் சார், ஏறப் பிடிக்காது" என்று கும்பிடு போட்டு விடுவார்.

எழுத்துகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் ஓயாது. எனக்குக் கார் என்றால் நாலு சக்கரமும் ஒரு ஹாரனும்தான். ஆனாலும் கேட்டு வைப்பேன். "எச்னா எஞ்சினுக்குள்ள அழுத்தம் அதிகம், எல்னா கம்மி. ஜிடின்னா இத்தாலிக்காரன் பாஷையில நெடும்பயணம். வாங்கினவன் காய்கறிக் கடைக்குத்தான் எடுத்துட்டுப் போவான், அது வேற விஷயம். எக்ஸ் போட்டா பெரும்பாலும் சோதனைக்குச் செஞ்சது. சோதனை முடிஞ்சாலும் எழுத்து ஒட்டிக்கும். எஸ்ஸுக்கு ஆயிரம் அர்த்தம் சொல்வாங்க, எல்லாம் விலையக் கூட்டத்தான்." இதிலெல்லாம் ஏதோ காதல் கதை ஒளிந்திருக்கும் என்று வருகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "அந்தக் காலத்து டி மாடலுக்கு ஏன் டின்னு பேரு? அதுக்கு முன்னாடி வந்தது எஸ். அவ்வளவுதான், போங்க."

சில சமயம் தப்பாகவும் சொல்வார். மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து நின்று, "நேத்து சொன்னது பொய் தம்பி" என்பார். அப்படி ஒரு மனுஷன்.

சாயங்காலம் அலுவலகம் மூடும் நேரத்தில் அவர் மனைவியிடமிருந்து போன் வரும். அந்தம்மா கேட்பது எனக்குக் கேட்காது. இவர் சொல்வது மட்டும் கேட்கும்: "இன்னிக்கு இல்லம்மா." தினமும் இதே பதில். ஏதோ மாத்திரை கிடைக்கவில்லை போல என்று நினைத்திருந்தேன். ஒரு மழை மத்தியானம் என் கடையில் ஒதுங்கியபோதுதான் விஷயத்தைச் சொன்னார்.

முன்பு அவருக்குச் சொந்தமாகப் பட்டறை இருந்தது. அப்பாவும் மகனுமாக ஒரு துருப்பிடித்த காரை வாங்கிப் போட்டார்கள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் எண்ணுக்குக் கடைசியில் ஆர் என்ற எழுத்தை அச்சுக்கம்பி வைத்துச் சுத்தியலால் அடிப்பது அவர்கள் பட்டறை வழக்கம். மகன் அடித்த ஆர் வலப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"எஞ்சின் மொத்தத்தையும் அவனே பிரிச்சு அவனே பூட்டினான் தம்பி. நான் ஒரு போல்ட்டத் தொடல. வந்து பார்த்ததும் என் கண்ணுல பட்டது அந்த எழுத்து மட்டும்தான். பட்டறையில ஆளுங்க இருந்தாங்க. அத்தன பேர் முன்னாடி, 'ஒத்த எழுத்த நேரா அடிக்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குடா சுத்தியல்'னு கேட்டுட்டேன்."

பையன் கையைக் கழுவினான். அதே காரை எடுத்துக்கொண்டு போனவன்தான். தேடாத இடமில்லை, விசாரிக்காத ஆளில்லை. பட்டறையை மூடிவிட்டு இவர் இந்தத் தெருவுக்கு வந்தது அதற்குப் பிறகு. "இந்த ஊர்ல பதிஞ்ச வண்டி. என்னிக்காவது விப்பான். வித்தா இங்கதான வந்தாகணும்? அந்த எழுத்து என் கையில சிக்கினா, அவன் எங்க இருக்கான்னு கேட்டுடலாமில்ல?" என்றார். மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

போன வாரம் ஒரு பல் டாக்டர் கடல்பச்சை நிறத்தில் ஒரு பழைய கார் கொண்டுவந்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். இந்தப் பக்கம் பென்சில் அண்ணன் பஞ்சைப் போட்டு மண்டியிட்டார். டேப் தீர்ந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். நான் எடுத்துக்கொண்டு போனபோது அவருடைய கட்டைவிரல் எண்ணின் கடைசி இடத்தில் நின்றிருந்தது. அது நகரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முழு எண்ணையும் மனப்பாடமாக முணுமுணுத்தார். பிறகு துணியால் துடைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒன்றும் பிசகவில்லை.

"சார், இந்த எஞ்சின் வண்டியோட வந்ததா?"

"இல்லங்க. வண்டியில இருந்தது செத்துப்போச்சு. இத பழைய இரும்புக் கடையில தனியா வாங்கிப் போட்டேன்."

"அந்தக் கடைக்கு எப்படி வந்துச்சாம்?"

"வெள்ளத்துல ஆத்தோட போன வண்டியாம். தண்ணி வடிஞ்சப்புறம் தூக்கினாங்களாம். உள்ள பூரா சேறு."

"ஓட்டினவரு?"

"அத யாருங்க கேட்டா? பழைய இரும்புதான?" டாக்டர் நல்ல மனிதர்தான், தெரியாமல் சொன்னார். அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டர் குனிந்து பார்த்தார். "அது கிடக்கட்டும், கடைசியில இருக்கற ஆர் எதுக்கு? புத்தகத்துல தேடினேன், இல்லையே."

"ஒரு தடவ முழுசாப் பிரிச்சுப் பூட்டின எஞ்சின்னு அர்த்தம் சார்."

"யாரோ அரைகுறை போல. எழுத்தே கோணலா இருக்கு."

பென்சில் அண்ணன் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"எஞ்சின் எப்படி ஓடுது சார்?"

"அதக் கேக்காதீங்க! சேத்தக் கழுவி, ஆயில் மாத்தி, சாவியத் திருப்பினேன். முதல் திருப்பலயே பிடிச்சிடுச்சு. இவ்வளவு நாள் தண்ணிக்குள்ள கிடந்ததுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

"அப்ப அரைகுறை இல்ல சார்" என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. "நல்லா வேல தெரிஞ்சவன்."

அலுவலகத்துக்கான தாளை வழக்கம்போல் நேராக ஒட்டித் தேய்த்துக் கொடுத்தார். டாக்டர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மூடும் நேரம். அண்ணனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

அவர் இன்னொரு தாளை எடுத்தார். எண்ணின் மேல் வைத்து, அந்தக் கடைசி எழுத்தின் சாய்வுக்குத் தக்கபடி மெதுவாகத் திருப்பினார். பார்த்தார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். என்னிடம் டேப்புக்குக் கை நீட்டி, தாளைக் கோணலாகவே ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். எண்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து வந்தன. கடைசியில் ஆர் மட்டும் நேராக நின்றது.