ஐந்திலும் முப்பத்தைந்து எடுத்த வீரன்

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த கோடையில், நான் அநேகமாக எல்லா நாளும் ஆவடியில் ரயிலேறித் திருநின்றவூருக்குப் போனேன். என் வகுப்புத் தோழன் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த அவன் அக்காவுக்காக வாங்கியது அது. ஆனால் அக்கா மதியம் மூன்று மணி வரை கல்லூரி லேபில் இருப்பார். அதுவரை அது எங்களுடையது. ஹாலில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மேசை. படத்துக்கு முன்னால் சின்னச் சிவப்பு பல்பு எப்போதும் எரியும். மானிட்டருக்கு அவன் அம்மா பூப்போட்ட துணியில் உறை தைத்திருந்தார். விளையாடி முடித்ததும் அந்த உறையை மறுபடி மாட்டிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் எங்களுக்கு இருந்த நிபந்தனை.

அக்காவின் தோழி ஒருத்தி கொடுத்த சிடியில் அந்த விளையாட்டு இருந்தது. சுட்டுக்கொண்டே போகிற ஆட்டமோ கார் ஓட்டுகிற ஆட்டமோ இல்லை. முதலில் ஓர் ஆளைப் படைக்க வேண்டும். அவன் வாள் வீரனா, மந்திரவாதியா, வில்லாளியா, திருடனா என்று கேட்கும். பிறகு அவனுக்குப் பலம், வேகம், புத்தி, தெம்பு, அதிர்ஷ்டம் என்று ஐந்து குணங்களைக் காட்டும். ஒவ்வொன்றிலும் இருபது தானாகவே இருக்கும். மேற்கொண்டு எழுபத்தைந்து புள்ளிகளை நம் கையில் கொடுத்துவிட்டு, எதில் எவ்வளவு போடுவாய் என்று காத்திருக்கும். அந்த ஒரு திரையின் முன்னால் உட்கார்ந்து நாங்கள் பேசிய நேரமெல்லாம் பரீட்சைக்குப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்போம்.

எனக்கு அப்போது இப்படி எதையாவது தேர்ந்தெடுக்கிற பேச்சு என்றாலே பயம். காரணம் பதினோராம் வகுப்பு. முடிவு வந்ததும் எந்த குரூப் என்று சொல்லியாக வேண்டும். அப்பா முடிவு செய்துவிட்டார்: முதல் குரூப். கணக்கும் உயிரியலும் இரண்டும் இருக்கும், டாக்டருக்கும் போகலாம், இன்ஜினியருக்கும் போகலாம். எனக்கு உயிரியல் ஆகாது. பூவின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்தால் எங்கள் டீச்சர் அதைப் பார்த்து, "இது சைக்கிள் செயினா?" என்று கேட்பார். எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் குரூப் தொடங்கியிருந்தார்கள். எனக்கு அதுதான் வேண்டும். இதை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். அதட்ட மாட்டார், அடிக்க மாட்டார். ஒன்றைச் சொல்லிவிட்டு அதைப் பற்றி மறுபடி பேசாமலே இருப்பார். அதை எதிர்த்துப் பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, வீரனுக்கு வருகிறேன். திரையில் அந்த ஐந்து இருபதுகளும் சிவப்பாக இருந்தன. முப்பதைத் தாண்டினால் வெள்ளையாகும்.

"செவப்புடா மச்சான்," என்றான் தோழன். "ஃபெயில்."

எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. எங்கள் ரேங்க் கார்டில் முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தால் அடியில் சிவப்புக் கோடு விழும். ஒரு பாடத்தில் விழுந்தாலும் மற்ற நான்கில் தொண்ணூறு எடுத்து என்ன பயன்? அந்த வருஷமே போச்சு. ஐந்து குணம், ஐந்து பாடம். எழுபத்தைந்தை ஐந்தாகப் பிரித்தால் பதினைந்து. இருபதும் பதினைந்தும் முப்பத்தைந்து. இதைவிடப் பொருத்தமாக ஒரு கணக்கு வருமா? விளையாட்டைச் செய்தவர்களே எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் என்று தோன்றியது. எங்கள் வாள் வீரனுக்கு ஐந்திலும் முப்பத்தைந்து போட்டோம். ஒரு சிவப்பு இல்லை. ஓகே என்று அழுத்திவிட்டுக் கையைக் குலுக்கிக்கொண்டோம்.

அந்த வீரன் முதல் குகையிலேயே செத்தான். ஒரு பெரிய சிலந்தி. மறுபடி போனான், மறுபடி செத்தான். நல்ல வாள் ஒன்று கிடைத்தது, தூக்கப் பலம் போதாது என்றது. மந்திரச் சுவடி கிடைத்தது, பாதி படித்ததும் புத்தி போதாது என்றது. பூட்டிய பெட்டியைத் திறக்கப் போனால் வேகம் போதாது. அவனால் எல்லாவற்றையும் தொட முடிந்தது, எதையும் செய்ய முடியவில்லை. நாங்கள் சிடியில் கோளாறு என்று முடிவுகட்டி, பனியன் துணியால் துடைத்துத் துடைத்துப் போட்டோம். சிலந்திக்கு அதெல்லாம் தெரியவில்லை. நான்கு நாள் இப்படிப் போயிற்று. அவனை அழித்துவிட்டு வேறு ஆளைச் செய்யலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. பாஸ் ஆனவனை யாராவது அழிப்பார்களா?

ஐந்தாம் நாள் அக்கா சீக்கிரம் வந்துவிட்டார். பையைக்கூடக் கழற்றாமல் பின்னால் நின்று பார்த்தவர், வீரனின் குணங்களைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினோம்.

"அஞ்சுலயும் முப்பத்தஞ்சா?" என்றார். "இன்னாடா இது, ஹீரோவா, ஜஸ்ட் பாஸா?"

"ஃபெயில் ஆவக்கூடாதுல்லக்கா," என்றான் தோழன்.

"யாருடா இவனுக்குப் பேப்பர் திருத்துறா? சிலந்தியா?"

அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு முகம் சூடாயிற்று. சிவப்பு என்றால் குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். வாள் வீரனுக்குப் புத்தி சிவப்பாக இருந்தால் ஒன்றும் ஆகாது. அவன் படிக்கிற வேலைக்கே போகமாட்டான்.

அன்று என்று பார்த்து என் அப்பா அந்த வீட்டுக்கு வந்தார். திருநின்றவூரில் மனை மலிவு என்று கேள்விப்பட்டு, காலை ஷிப்ட் முடிந்ததும் ஏரிப் பக்கம் ஒரு மனையைப் பார்க்க வந்திருந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு திரும்புவதாக ஏற்பாடு. வாசலில் அவர் கால் வைப்பதற்கும் கோடை மழை அடித்துக்கொண்டு இறங்குவதற்கும் சரியாக இருந்தது. தோழனின் அம்மா, "மழை வுடட்டும், உக்காருங்க அண்ணே," என்று டீ கொடுத்தார். அப்பா சட்டையில் இருந்த எண்ணெய்க் கறை நாற்காலியில் படாமல் நுனியில் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு வராது. திரையைப் பார்த்தார்.

"இன்னா இது?"

தோழனுக்கு வாய் நிற்குமா? எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "அங்கிள், நீங்க ஒரு ஆளு செய்ங்களேன்," என்றான். அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, "சொல்லுங்க அங்கிள், இந்த நாலு பேர்ல யாரு?" என்றார்.

அப்பா நால்வரையும் பார்த்தார். "இவன் இன்னா பண்ணுவான்?"

"வில்லு வுடுவான்."

"அப்போ இவன். கிட்டப் போவ வேணாம்ல." டீயை ஊதிக் குடித்தார். "வில்லு வுட இதுல எது வேணும்?"

"வேகம் அங்கிள். கை, கண்ணு எல்லாம் அதுலதான் வரும்."

"எவ்ளோ கீது நம்மகிட்ட?"

"எழுவத்தஞ்சு."

"எல்லாத்தையும் அதுல போடு."

தோழன் பதறினான். "அங்கிள், புத்தி இருவதுலயே நிக்கும், செவப்பா."

"வில்லு வுடுறவனுக்கு இன்னாத்துக்குடா கணக்கு வாத்தியார் புத்தி? குறி பாத்தா போதும்."

போட்டோம். நான்கு சிவப்பு, ஒரே ஒரு தொண்ணூற்றைந்து. எங்கள் ரேங்க் கார்டாக இருந்தால் கையெழுத்து வாங்க வீட்டுக்கே போக முடியாது. குகைக்குள் போனான் அந்த வில்லாளி. சிலந்தி தூரத்தில் அசைந்ததுமே அம்பு, இன்னொரு அம்பு, இன்னொன்று. பக்கத்தில் வருவதற்கு முன்பே அது கவிழ்ந்து காலை மடக்கியது. அப்பா நாற்காலியின் நுனியிலிருந்து இன்னும் முன்னால் வந்திருந்தார். "பாத்தியா," என்றார் என்னிடம். "ஒரு வேலைன்னா ஒரு வேலை. எதுக்கு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்?"

நான் யோசித்துச் சொல்லியிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன். அவர் வாயை மூடுவதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"அப்போ எனக்கு பயாலஜி வேணாம்பா. கம்ப்யூட்டர் குரூப் எடுத்துக்குறேன்."

அந்த நேரம் பார்த்து கரன்ட் போயிற்று. மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. தோழன் என் காலை மிதித்தான்; எதற்கு என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "இதுல அவன் செத்தா திருப்பி மொதல்லேர்ந்து ஆடலாம்," என்றார். குரலில் கோபம் இல்லை. "எங்க கம்பெனிய லாக்-அவுட் பண்ணப்போ நீ ரெண்டாவது படிச்சிகினு இருந்த. ஏழு மாசம். லேத்து தவிர எனக்கு வேற இன்னா தெரியும்? கேட்டுக்கு வெளிய நின்னுகினு இருந்தேன். அதான் சொல்றேன், ஒரு வாசல் மூடுனா இன்னொண்ணு இருக்கணும்."

எனக்கு அந்த ஏழு மாதம் லேசாக நினைவிருந்தது. அப்பா பகலெல்லாம் வீட்டில் இருந்தது எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது என்பதும் நினைவிருந்தது. அதை அங்கே சொல்ல முடியுமா? என் பேச்சு முடிந்துவிட்டது, முதல் குரூப்தான் என்று மனசுக்குள் பூவை வரைய ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது அப்பா அக்காவிடம் திரும்பினார். "ஏம்மா, நீ இதானே படிக்கிற? இந்த கம்ப்யூட்டர் குரூப்புன்னா டைப்ரைட்டிங் மாதிரியா? அது மட்டுந்தான் சொல்லிக்குடுப்பாங்களா?"

அக்கா தலையாட்டி மறுத்தார். "இல்ல அங்கிள். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாமே இருக்கு. பயாலஜிக்குப் பதிலா கம்ப்யூட்டர், அவ்ளோதான்."

"அப்போ இன்ஜினியருக்குப் போலாமா?"

"எல்லா இன்ஜினியரிங்குக்கும் போலாம். பி.எஸ்சி. போலாம், பேங்க் பரீட்சை எழுதலாம். டாக்டர் ஆவ முடியாது. அது ஒண்ணுதான்."

"டாக்டர் மட்டுமா?"

"டாக்டர் மட்டும்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். மழை இருட்டிலும் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. ஏதோ கனமான சாமானை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தார். "இத ஏன்டா நீ சொல்லல?"

"நீ டாக்டர் ஆவணும்னு சொன்னியேப்பா."

"நான் எப்போடா சொன்னேன்? அங்கயும் போலாம், இங்கயும் போலாம்னுதானே சொன்னேன். உன்ன யாரு ஊசி போடச் சொன்னா? நான் இன்னாவோ அந்த குரூப் எடுத்தா கம்ப்யூட்டர் சென்டர்ல உக்காந்து தட்டிகினே இருக்கணும், வேற எங்கயும் போவ முடியாதுனு நெனச்சிகினு இருக்கேன்."

தோழனின் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "டாக்டர் இல்லாட்டி என்னண்ணே, உடம்பு நல்லாருந்தா சரி," என்றார். அது எதற்குப் பதில் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தோம். நான் உடனே, கேட்காமலே, கம்ப்யூட்டர் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று அடுக்க ஆரம்பித்தேன். ஏழாவது வேலைக்குப் போகும்போது அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "மொதல்ல பாஸ் ஆயி வா."

மழை விட்டதும் கிளம்பினோம். ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர். அப்பா பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, தான் பார்த்த மனை ஏரிக்குள் இருக்கிறதா ஏரிக்கு வெளியே இருக்கிறதா என்று தெரியவில்லை, இந்த மழையில் பார்த்தால் விளங்கிவிடும், திரும்பப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். போனோம். மனைக்கல்லின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. "நல்ல வேள," என்றார் அப்பா. அன்று அவருக்கு எல்லாமே நல்ல வேளையாக இருந்தது. ரயிலில் ஜன்னல் ஓரம் எனக்கு விட்டுக்கொடுத்தார். பட்டாபிராம் தாண்டியதும், அந்த வில்லாளிக்கு அம்பு தீர்ந்துபோனால் என்ன செய்வான் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஆவடி வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்குள் நுழையும்போது, "அம்மாகிட்ட நீயே சொல்லு," என்று அப்பா பின்தங்கிவிட்டார். இவ்வளவு தைரியசாலியான மனுஷன் செருப்பைக் கழுவுகிற சாக்கில் குழாயடியிலேயே நின்றார். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்படி இப்படி என்று சுற்றாமல் சொன்னேன்: பயாலஜி இல்லை, டாக்டர் ஆக முடியாது, கம்ப்யூட்டர் குரூப்.

அம்மா தோசைத் திருப்பியை உயர்த்திப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"அப்போ தவளையெல்லாம் இல்லையா?"

"இல்லம்மா."

"கரப்பான்பூச்சி?"

"அதுவும் இல்ல."

"அப்பாடா," என்றார் அம்மா. "மாடி வூட்டுப் பையன் பயாலஜிக்கு அறுக்கணும்னு ஜாம் பாட்டில்ல புடிச்சி வெச்சிருந்தத பாத்ததுலேர்ந்து எனக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல. நீயும் ஊட்டுக்குள்ள கொண்டாந்துடுவியோனு பயந்துகினே இருந்தேன்." தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். "யோவ், செருப்பு தேஞ்சிடப் போவுது. வந்து சாப்புடு."