ஞாயிற்றுக்கிழமை டப்பா

கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த புதிதில் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே மாட்டேன். ஒடுகத்தூர்ப் பக்கம் வேர்க்கடலைக் காட்டில் வளர்ந்தவள் நான். தோல் பதனிடுகிற ஷெட்டுகளின் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் குடலைப் பிடுங்கும். என் வீட்டுக்காரரோ அதே காற்றில் உட்கார்ந்து நிம்மதியாக இட்லி சாப்பிடுவார். "இன்னா நாத்தம்? எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்பார். என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சண்டை போட்டேன். பிறகுதான் புரிந்தது, மனிதருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு அப்படித்தான்.

அவர் டாக்சி ஓட்டினார். எழுபதுகளின் கடைசியில் இரண்டு பேரிடம் ஓடி அலுத்த பிறகு எங்களிடம் வந்த வண்டி அது. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. காலையில் எனக்குக் காப்பி போட்டுத் தருகிறாரோ இல்லையோ, வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற சவாரிதான் எங்களுக்குச் சோறு.

ஒரு வெயில் காலத்தில் அந்தச் சவாரி குறைய ஆரம்பித்தது. வண்டியில் ஏறிய ஒரு பிள்ளைத்தாய்ச்சி பள்ளிகொண்டா வருவதற்குள் ஓயாமல் வாந்தி எடுத்தாள். அவள் மாமியார் திரும்பும்போது வேறு வண்டி பிடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்தடுத்து ஏறியவர்களும் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றார்கள். ஸ்டாண்டில் யாரோ ஒரு புண்ணியவான் 'வாந்தி வண்டி' என்று பெயர் வைக்க, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் வண்டியை விற்றுவிட்டு அவரும் தோல் ஷெட் வேலைக்குத்தான் போக வேண்டும். 

"நான் ஒரு தபா ஏறிப் பாக்கறேன்" என்றேன்.

"நீ ஏறி இன்னா கண்டுபுடிக்கப் போறே? மெக்கானிக்கா நீ?"

"மூக்கு இருக்குதுல்ல."

அவர் முனகிக்கொண்டேதான் கூட்டிப்போனார். பின்சீட்டில் உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டி வண்டி வேகம் எடுத்து இஞ்சின் சூடானதும் வந்தது அந்த நெடி. பஜ்ஜிக் கடையில் நாள் கணக்காக மாற்றாத எண்ணெய்ச் சட்டி இருக்கிறதே, அது. வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"எண்ணெய் காயற வாசனைங்க."

"அது தோல் ஷெட்டு வாசனை."

"ஷெட்டெல்லாம் தாண்டி எம்மாந்தூரம் வந்துட்டோம்! பானெட்டைத் தெறங்க."

திறந்தார். இஞ்சின் மூச்சு விடுவதற்கென்று ஒரு குழாய் உண்டு. பிரீதர் என்பார்கள். எங்கள் பழைய இஞ்சினுக்கு வயதானவர்களைப் போல மேல்மூச்சு வாங்கியது. அந்தக் குழாய் வழியாக எண்ணெய்ப் புகை குப்குப்பென்று வந்து, சூட்டில் பட்டு, டாஷ்போர்டின் கீழிருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் அவர் அதை முகர்ந்துகொண்டேதான் ஓட்டியிருக்கிறார். வீடு திரும்பும்வரை ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தோற்றுப்போன ஆம்பிளை அப்படித்தான் வருவான் என்று விட்டுவிட்டேன், சிரிப்பை அடக்குவதுதான் பாடாக இருந்தது.

இஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க அப்போது வசதியில்லை. ஒரு பால் பவுடர் டப்பாவை எடுத்துப்போய்ப் பட்டறையில் மூடியில் இரண்டு குழாய் பற்றவைத்து வாங்கி வந்தார். உள்ளே லேத்தில் கடைந்தபோது விழுந்த பித்தளைச் சுருள்களை அடைத்தார். பிரீதர் புகை ஒரு குழாயில் நுழையும். சுருளில் பட்டு ஆறி, எண்ணெயாகச் சொட்டி டப்பாவில் தங்கிவிடும். மிச்சக் காற்று இன்னொரு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் போய்விடும். மெல்ல மெல்ல ஆஸ்பத்திரி சவாரிகள் திரும்பி வந்தன.

டப்பா நிறைந்தால் புகை மறுபடி உள்ளேதான் வரும். அதனால் ஞாயிறு தோறும் காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது கழற்றுவார். கொட்டுவது என் வேலை. யாரும் எனக்குக் கொடுத்த வேலையல்ல, நானே பிடுங்கிக்கொண்டேன். தெருவில் மற்றப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை கறி கழுவ, நான் மண்ணெண்ணெயில் பித்தளைச் சுருள் அலசினேன். கொட்டிய எண்ணெயைக் கரையான் ஏறாமலிருக்கக் கொல்லைக் கதவுச் சட்டத்தில் பூசுவேன்.

முதல் மார்கழியில் ஒரு ஞாயிறு அவரே டப்பாவைத் திறந்தார். உள்ளே மோர் மாதிரி வெள்ளையாக என்னவோ இருந்தது. இஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, கதை முடிந்தது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ஆனால் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தால் ஊற்றிய தண்ணீர் குறையாமல் அப்படியே இருந்தது. "சோத்துப் பானை மூடியில தண்ணி கோத்துக்குதே, அது மாதிரி பனியில கோத்துக்கினு இருக்கும். ஏன் பேஜார் பண்றீங்க?" என்றேன். தை பிறந்து வெயில் ஏறியதும் எண்ணெய் மறுபடி கறுப்பானது. அந்த வாரம் முழுக்க நான் கொஞ்சம் தலை நிமிர்ந்தே நடந்தேன்.

ஆனால் நான் நிஜமாகவே சம்பாதித்துக் கொடுத்தது வேறொரு ஞாயிற்றில். திருப்பதிக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போக வேண்டும், அவர்கள் மூட்டை முடிச்சோடு வாசலில் நிற்கிறார்கள். டப்பாவை மூக்கருகே கொண்டுபோனேன். எண்ணெயோடு பெட்ரோல் நெடி.

"வண்டியை எடுக்காதீங்க."

"வெளையாடறியா? ஜனங்க நின்னுக்கினு இருக்காங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். திட்டிக்கொண்டே இஞ்சின் எண்ணெய் அளவு பார்க்கிற ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தார். எண்ணெய் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. யாரும் ஊற்றாமல் எண்ணெய் எப்படி ஏறும்? இஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றுகிற பம்பில் உள்ள சவ்வு கிழிந்து பெட்ரோல் எண்ணெயில் கலந்துகொண்டிருந்தது, அப்படியே ஓட்டியிருந்தால் இஞ்சின் போயிருக்கும். அந்தச் சவாரி தோஸ்த் ஒருவரின் வண்டிக்குப் போனது. இஞ்சின் பிழைத்தது. சாயங்காலம் மல்லிகைப்பூவும் மக்கன் பேடாவும் வாங்கிவந்து அலமாரியில் வைத்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் தாம்பாளம் ஏந்துவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வருவார். நான் மோந்து பார்ப்பேன். "சரி, எடுங்க" என்பேன். அதன் பிறகுதான் சாவியைத் தொடுவார். வருஷக்கணக்கில் இது நடந்தது. அந்த நாட்களைப் போலச் சந்தோஷமான நாட்கள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. கழுத்தில் நகையில்லை, வீடு வாடகை வீடு. ஆனாலும் என் மூக்கை நம்பி ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி ஊரிலிருந்து வந்திருந்தாள். கொல்லையில் நான் டப்பாவை மோந்துகொண்டிருந்தேன். அவள் கதவருகே நின்றவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ச்சீ, இன்னாக்கா இது? இங்க வரைக்கும் நாறுது."

நான் டப்பாவை மூக்கோடு ஒட்டி வைத்திருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே போய்க் காப்பித்தூள் டப்பாவைத் திறந்தேன். தலையிலிருந்த பூவை எடுத்து முகர்ந்தேன். மண்ணெண்ணெய் பாட்டிலை மூக்கில் வைத்து இழுத்தேன். கண் எரிந்தது, அவ்வளவுதான். மோப்பம் எப்போது போனதென்றே தெரியாமல் போயிருந்தது. அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் பெட்ரோல் கலந்தால் யார் சொல்வது? அதைவிட, இனிமேல் அந்த வண்டியில் எனக்கு என்ன வேலை?

சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "எனக்கு ஆடி மாசமே தெரியும்" என்றார்.

"எப்டி?"

"சோறு கருகிப் பொகை வந்துக்கினு இருந்துச்சி. நீ அந்தாண்ட திரும்பி உக்காந்து பூ கட்டினு இருந்தே. நான்தான் வந்து எறக்கி வெச்சேன்."

"அப்பறம் எதுக்கு வாராவாரம் டப்பாவைத் தூக்கிக்கினு வந்தீங்க?"

"ஸ்டிக்கை நான் தெனம் பாத்துடறேன். வண்டிக்கு ஒண்ணும் ஆவாது." துண்டை எடுத்து முகம் துடைத்தார். பிறகு, "நீ 'சரி'ன்னு சொல்லாம எடுக்க எனக்குக் கை வரல" என்றார்.

அடுத்த ஞாயிறும் டப்பாவை ஏந்திக்கொண்டு வந்து நின்றார். நான் வாங்கி, கண்ணை மூடி, நன்றாக இழுத்து மோந்தேன். ஒரு வாசனையும் இல்லை.

"சரி, எடுங்க" என்றேன்.