சத்து மாத்திரையும் என் டீசல் நோட்டும்

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பிள்ளைகள் ஏறியதும் கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். நாலாவது முறைக்கும் கை தானாகப் போகும். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. அதனால் இங்கிலீஷில் எது எழுதியிருந்தாலும் அதற்குள் எனக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கும் என்றே தோன்றும்.

என் மனைவிக்கு முடி கொட்டியது. ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அவள் தம்பி சத்து மாத்திரை விற்கிறவன். அவன் வீட்டுக்குப் போனபோது, பெரிய டப்பாவிலிருந்து அள்ளி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தான். கவரில் ஒரு எழுத்துகூட இல்லை. டப்பாவை வாங்கி, டீசல் கணக்கு எழுதும் நோட்டில் அந்த லேபிளைப் பார்த்து எழுதினேன். எழுதினேன் என்பதைவிட வரைந்தேன் என்பதே சரி.

"இன்னா மாமா, பரீட்சைக்குப் படிக்கிறியா? இது மருந்தே இல்ல, சத்து. கீரை துன்ற மாதிரி."

"கீரைக்கு எதுக்கு மச்சான் இவ்ளோ பொடி எழுத்துல எழுதி வெச்சிகிறான்?"

"அக்கா, இவரை வெச்சிகினு எப்படித்தான் குடும்பம் நடத்துறியோ!"

ஒரு நாளைக்கு ஒன்று என்று லேபிளில் போட்டிருப்பதாக மச்சானே படித்துச் சொன்னான். அவள் இரண்டு போட்டாள். "சத்துதானே, ரெண்டு போட்டா சீக்கிரம் வளரும்" என்றாள். இரண்டு மாதம் ஆகியும் சீப்பில் வருகிற முடி குறையவில்லை.

அப்புறம் அசதி என்று ரத்தம் பரிசோதித்தால், தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம்.

"படபடப்பு இருக்கா? உடம்பு இளைச்சிருக்கா?"

"இளைக்கறதா? ஜாக்கெட்டே பத்த மாட்டேங்குது மேடம்."

"வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மருந்து. தம்பி கொடுத்தால் அது எந்தக் கணக்கிலும் வராது. டாக்டரம்மா தைராய்டைக் குறைக்கும் மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தார்.

படித்தவர்கள் பேசும் இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. இருந்தாலும், "மேடம்... சத்து மாத்திரைகூட சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டேன். மனைவி முழங்கையால் இடித்தாள். சட்டைப் பையிலிருந்த டீசல் நோட்டை எடுத்து, லேபிளை எழுதிய பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.

அவர் என் கோணல் எழுத்தை விரல் வைத்துப் படித்தார். "பயோட்டின். இதை அதிகமா சாப்பிட்டா சில தைராய்டு டெஸ்ட் தப்பா காட்டும். நோய் இல்லாதவங்களுக்கும் இருக்கிற மாதிரி ரிப்போர்ட் வரும். இதை நிறுத்திட்டு பத்து நாள் கழிச்சு மறுபடி ரத்தம் குடுங்க. இப்போதைக்கு மாத்திரை வேணாம். இதை யார் எழுதினது?"

"நான்தாங்க."

"அளவுகூட விடாம எழுதியிருக்கீங்க."

அந்தப் பத்து நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நோய் நிஜமாகவே இருந்தால்? என் பேச்சால் வைத்தியம் தள்ளிப்போனதாக ஆகிவிட்டால்? வேனை ஓட்டிக்கொண்டே சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் தைராய்டு சரியாக இருந்தது. அசதிக்குக் காரணம் ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவு. எத்தனை நாள், எவ்வளவு என்று டாக்டரம்மாவே அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கிளினிக் படியிலேயே நின்று மனைவி தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், உன் டப்பாவை முதல்ல உன் மாமா கையில காட்டு. அப்பறம் ஊருக்கு வித்துக்கலாம்."

"ஏன்க்கா, அவரு இன்னா டாக்டரா?"

"டாக்டரம்மாவே அவரு நோட்டைப் பார்த்துத்தான்டா கண்டுபிடிச்சாங்க!"

பஸ் ஸ்டாப் வரைக்கும், பார்க்கிறவர்களிடமெல்லாம் அவள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். போதும் என்று நான் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.