அஹத் பாய் உட்கார்ந்த காலம்

எங்கள் கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு என் பில்லிங் கவுன்ட்டரில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேர் வேலை பார்க்கிற அந்தக் கடையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் பில் போடுகிற நாங்கள் சிலர்தான். மற்ற எல்லாரும் காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து நிற்பவர்கள்.

அப்துல் அஹத் மூன்றாவது மாடியில் பட்டு செக்‌ஷனில் நின்றவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கறுப்புத் தாடியோடு நின்றார். இப்போது வெள்ளைத் தாடி. நிற்பது மட்டும் மாறவில்லை. நாங்கள் பாய் என்போம். அவருக்கு நான் பாக்கியம்மா. பாக்கியமேரி என்று முழுசாகச் சொல்ல அவருக்குப் பொறுமை கிடையாது.

புடவையை மேஜையில் விரித்துக் காட்டுவதில் பாய்க்கு நம்பிக்கை இல்லை. பிரித்துத் தன் தோளிலேயே போட்டு, முந்தானையை இடது கையில் விரித்து, கண்ணாடி முன்னால் கல்யாணப் பெண் மாதிரி லேசாகத் திரும்பி நிற்பார். தாடி வைத்த மனுஷன் அரக்குப் பட்டில் நிற்பதைப் பார்த்துச் சிரிக்காத பெண் கிடையாது. சிரித்து முடிப்பதற்குள் அந்தப் புடவை என்னிடம் பில்லுக்கு வந்துவிடும். அவரிடம் வந்து வெறுங்கையோடு படியிறங்கியவர்களை நான் பார்த்ததே இல்லை.

அதற்கு அவர் கொடுத்த விலை கால் இரண்டும். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு கயிறு கயிறாகப் புடைத்திருக்கும். சாயங்காலமானால் செருப்பு வார் சதைக்குள் புதைந்துவிடும். டாக்டர், வேலையை மாற்று, இல்லாவிட்டால் உட்கார்ந்து பார் என்று சொல்லியிருக்கிறார். டாக்டருக்கென்ன, அவருக்குச் சுழலும் நாற்காலி.

கடை ஊழியர்கள் உட்கார வசதி வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் கடையிலும் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் இறங்கின. கஸ்டமர் இல்லாதபோது உட்காரலாம் என்றார் மேனேஜர் சரவணன். கஸ்டமர் இல்லாதபோது, அவர்கள் கலைத்துப் போட்டதை மடிக்க வேண்டும். மடித்ததை வைக்க இடம் வேண்டாமா? ஸ்டூல் மேல் வைத்தார்கள். புடவைகள் உட்கார்ந்தன, ஆட்கள் நின்றார்கள்.

பாய் தொழுவது நாற்காலியில்தான். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. கடைக்குப் பின்னால் சந்தில் இருக்கிற பள்ளிவாசலில், கடைசி வரிசையில், சுவரோரமாக அவருக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டிருப்பார்களாம். ஒருநாள் லுஹர் என்கிற மதியத் தொழுகை முடிந்து அங்கிருந்து திரும்பியவர் என் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“அல்லாஹ்வே உக்காந்துக்கன்னு விட்டுட்டான் பாக்கியம்மா. நம்ம மேனேஜர்தான் இன்னும் விடல.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உட்கார்ந்துகொண்டுதானே அதைக் கேட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் சின்ன முதலாளி ரஞ்சித்துக்கு ஒரு யோசனை வந்தது. பெங்களூரில் படித்துவிட்டு வந்த பையன். ஜவுளி மட்டும் விற்றால் போதாது, மேக்கப்பும் விற்க வேண்டும் என்றான். தரைத்தளத்தில் என் கவுன்ட்டருக்கு எதிரே ஒரு கண்ணாடி கவுன்ட்டர் வந்தது. அதற்குள் மும்பைக் கம்பெனி ஒன்றின் ஐ ஷேடோ பெட்டிகள். கண் இமையில் பூசுகிற கலர்ப்பொடிதான். ஆனால் இது சும்மா பொடி இல்லையாம், துணிகளைப் பார்த்துச் செய்த லிமிட்டெட் எடிஷனாம். ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே அசல் வெல்வெட் உறை, பின்னால் அச்சடித்த நம்பர். உள்ளே ஒன்பது கட்டம். வெல்வெட், ஆர்கன்ஸா, ப்ரோகேட், லினன், டெனிம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துணியின் பேர். பேர் மட்டுமா, அந்தத் துணியின் நெசவையே பொடி மேல் அழுத்தி வைத்திருந்தார்கள். ப்ரோகேட் கட்டத்தில் ஜரிகைப் பூகூடத் தெரிந்தது. விலை, சுமாரான ஒரு பட்டுப்புடவை விலை. கண்ணைத் திறந்தால் பாதி மறைந்துபோகிற கலருக்கு இவ்வளவா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

“துணி தெரிஞ்ச ஆள்தான் இதை விக்கணும். அஹத் பாயைக் கீழ இறக்குங்க” என்றான் ரஞ்சித்.

செக்‌ஷன் பையன்கள் பாயை ஓட்டித் தள்ளிவிட்டார்கள். பாய் நாளையிலிருந்து புருவம் திருத்துவாரா என்று கேட்டார்கள். அவருக்கும் கூச்சம்தான். தாடியைத் தடவிக்கொண்டே வந்து நின்றார். முதல் பெட்டியைத் திறந்ததும் ஒரு காரியம் செய்தார் பாருங்கள், அதை இன்றைக்கும் மறக்க முடியாது. மெரூன் வெல்வெட் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜவுளிக்காரனின் கை தானாகப் போவதுபோல, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய் அதைக் கசக்கிப் பார்த்துவிட்டன. துணியின் தரத்தைப் பார்க்கிற அதே கசக்கல். பொடி பொலபொலவென்று உதிர்ந்து, வெல்வெட்டில் பெருவிரல் அளவு பள்ளம் விழுந்தது.

சரவணன் தலையில் கை வைத்துக்கொண்டார். பாய் விரலைப் பார்த்தபடி, “துணின்னே நெனச்சுட்டேன் சார்” என்றார். ரஞ்சித்துக்கு அன்றைக்கு நல்ல மனநிலை. சாம்பிளுக்கு ஒன்று திறக்கத்தானே வேண்டும், இதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

கவுன்ட்டரோடு இரண்டு இருக்கைகள் வந்திருந்தன. கஸ்டமருக்குக் கண்ணாடி முன்னால் ஒரு நாற்காலி, விற்பவருக்கு முதுகு சாயும் ஓர் உயர ஸ்டூல். விற்பவருக்கு எதற்கு என்று சரவணன் அதைத் தூக்கப் பார்த்தார். கம்பெனியிலிருந்து வந்திருந்த அம்மா விடவில்லை. நின்றுகொண்டு பார்த்தால் இமை தெரியாது, கண்ணுக்கு நேராகக் கண் இருந்தால்தான் இந்தச் சரக்கு விற்கும், கட்டாயம் உட்கார்ந்துதான் விற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

பாய் உட்கார்ந்தார். முதல் இரண்டு நாள், யார் வந்தாலும் பதறி எழுந்தார். முதலாளியின் காரைப் பார்த்தால் எழுந்தார். போகப் போக எழுந்திருப்பது நின்றது. பெண்களின் முகத்தில் அவர் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டார். சட்டைக் கையை மடித்து, முன்கையின் உள்பக்கத்தை முந்தானை மாதிரி கண்ணாடி மேல் நீட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒன்பது கலரையும் பட்டை பட்டையாகத் தீட்டிக் காட்டுவார். அந்தக் கை பக்கத்தில் அவர்கள் வாங்கிய புடவையை வைத்துப் பார்க்கச் சொல்வார். தொழப் போகுமுன் என் சாப்பாட்டுப் பையில் இருக்கிற தேங்காயெண்ணெயை வாங்கித் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவுவார். தொழுமுன் கைகால் கழுவுகிற ஒளுவுக்கு முழங்கைவரை சுத்தமாக இருக்க வேண்டுமே. எவ்வளவு தேய்த்தாலும் ப்ரோகேட்டின் மினுமினுப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு அவரைப் படுத்தும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார்.

“பாருங்க பாக்கியம்மா, எலும்பு தெரியுது. கமரு நேத்து ராத்திரி பாத்துட்டு அழுதுட்டா.”

கமர் ஜஹான் அவர் மனைவி. தினமும் ராத்திரி வெந்நீரில் உப்புப் போட்டு அவர் காலை ஊறவைப்பவள். அன்றைக்கு உப்பு டப்பாவை எடுக்கவே இல்லையாம். ஒரு மனுஷனுக்குத் தன் கணுக்காலைப் பார்ப்பதே சந்தோஷமாகப் போய்விட்டதே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

“இது தீந்தா மறுபடி சரக்கு வருமா பாய்?”

“வராதாம். லிமிட்டெட்டாச்சே. தீந்தா தீந்ததுதான். கவுன்ட்டரை எடுத்துட்டு கவரிங் நகை வெக்கப் போறாங்களாம்.”

“அப்ப நீங்க?”

“மூணாவது மாடிதான். அங்க என் இடம் காலியாத்தானே கெடக்கு.”

“அப்ப எதுக்கு இப்படி விழுந்து விழுந்து விக்கிறீங்க? வாயை மூடிக்கிட்டு சும்மா உக்காருங்க. வர்றவங்க பாத்துட்டுப் போகட்டும்.”

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். “செஞ்சு பாக்கறேம்மா” என்றார்.

செய்தும் பார்த்தார். ஆவணி முகூர்த்த நேரம். முசிறியிலிருந்து ஒரு வாழைக்காய் மண்டிக்காரர் குடும்பம் வந்தது. பாய் விலையைச் சொல்லிப் பயமுறுத்தினார், அவர்கள் போய்விட்டார்கள். பாய் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஆனால் அன்று முழுக்க முகம் சரியில்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது அவருக்கு உடம்புக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் அம்மாவும் மகளும் ரிசப்ஷனுக்கு மயில்கழுத்துக் கலரில் பட்டு எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். பெண் நேராகப் பாய் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“இது வேணாம்மா” என்றார் பாய். “இவ்ளோ காசு குடுத்து வாங்கறீங்க, உங்க புடவைக்கு இதுல ரெண்டு கலர்தான் ஒத்துவரும். மீதி ஏழும் வீணாப் போயிடும்.”

நல்ல வார்த்தை, இத்தோடு நிறுத்துங்கள் என்று நான் பில் மெஷினுக்குப் பின்னாலிருந்து கும்பிடாத குறை.

“எந்த ரெண்டு?” என்று கேட்டாள் அம்மா.

அவ்வளவுதான். கை சும்மா இருக்குமா? சட்டை மடிந்தது, முன்கை நீண்டது. ஆர்கன்ஸாவை ஓர் இழுப்பு, அதன் மேல் ப்ரோகேட்டை ஒற்றி எடுத்தார். மயில்கழுத்து முந்தானையை விரித்துப் பக்கத்தில் வைத்தார். கடை விளக்கில் அந்தக் கை மின்னியது. பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கே வாங்கலாம் போல இருந்தது.

“எந்தக் கடைக்காரா இப்படி வேண்டாம்னு சொல்லுவா? இவ்வளவு மனசோட சொல்றேள், ஒண்ணு போட்டுடுங்கோ” என்றாள் அம்மா. “இவ நாத்தனாருக்கும் ஒண்ணு சேர்த்து.”

இரண்டு பெட்டியோடு பாய் என் கவுன்ட்டருக்கு வந்தார். நான் முறைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“நான் வேணாம்னுதான் சொன்னேன்” என்றார் மெதுவாக.

அதற்குப் பிறகு, வேண்டாம் என்று சொல்லி விற்கிற பாய் என்று ஸ்ரீரங்கம் முழுக்கப் பேச்சு பரவியிருக்க வேண்டும். மாம்பழச்சாலையிலிருந்தும் உத்தர வீதியிலிருந்தும் தேடிக்கொண்டு வந்தார்கள். அவர் தடுக்கத் தடுக்க வாங்கினார்கள். பெட்டிகள் கரைந்துகொண்டே வந்து, கடைசியில் அலமாரியில் அந்தச் சாம்பிள் ஒன்றுதான் நின்றது, வெல்வெட்டில் பெருவிரல் பள்ளத்தோடு.

கம்ப்யூட்டரில் இருப்பு ஒன்று என்று காட்டியது. எனக்கு உயிர் வந்தது. இருப்பு இருக்கிறவரை கவுன்ட்டர் கணக்கை மூட முடியாது.

“பள்ளம் விழுந்ததை எவ வாங்குவா? பேசாம உக்காருங்க பாய். இது ஒண்ணே உங்களை ரிட்டயர்மென்ட் வரைக்கும் காப்பாத்தும்” என்றேன்.

“அன்னைக்கு விரல் போனது நல்லதுக்குத்தான் போல” என்று சிரித்தார். அந்தச் சில நாள் அவர் நிம்மதியாக இருந்தார். விற்க ஒன்றுமில்லை, எழுந்திருக்கவும் வேண்டியதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறக்குமுன் எல்லாரையும் தரைத்தளத்தில் நிற்க வைத்தார்கள். ரஞ்சித் மைக் பிடித்தான். மற்ற ஊர்க் கடைகளில் பெட்டிகள் இன்னும் தூங்குகின்றனவாம், நம் திருச்சியில் மட்டும்தான் எல்லாம் தீர்ந்ததாம், கம்பெனியே போன் போட்டுப் பாராட்டியதாம். “எல்லாம் நம்ம பாய்தான்!” என்றான். எல்லாரும் கைதட்டினோம். பிறகு அலமாரியைத் திறந்து சாம்பிளை எடுத்து, “கடையோட அன்பளிப்பு” என்று அவர் கையில் வைத்தான். என் திரையில் இருப்பு சைபர் ஆகப்போவது எனக்குத் தெரிந்தது. பாய்க்கும் தெரிந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“வேற என்ன வேணும் பாய்? கூச்சப்படாம கேளுங்க.”

பாய் கண்ணாடி கவுன்ட்டர் பக்கம் கையைக் காட்டினார். “அந்த ஸ்டூலை மேல எடுத்துட்டுப் போகட்டுமா தம்பி?” என்றார்.

ரஞ்சித் வாய்விட்டுச் சிரித்தான். “பாய்க்கு எப்பவும் ஜோக்குதான்!” என்றான். சரவணன் சிரித்தார். அதைப் பார்த்து செக்‌ஷன் பையன்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். மேனேஜர் சிரிக்கும்போது வேறென்ன செய்வது? எனக்கு அழுகைதான் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்” என்று ரஞ்சித் அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தான். பாய் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நாங்கள் எல்லாரும் பின்னால் நின்றோம். படம் உடனே கடை வாட்ஸப் குரூப்பில் வந்துவிட்டது. எல்லாரும் நன்றாகவே விழுந்திருக்கிறோம்.

ஷட்டர் ஏறியது. கூலியாட்கள் வந்து கண்ணாடி கவுன்ட்டரைக் கழற்ற ஆரம்பித்தார்கள். ஸ்டூல் முதலாளி அறைக்குப் போனது. பாய் பெட்டியை என் மேஜையில் வைத்து, வீட்டுக்குப் போகும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும்தான். கைப்பிடியைப் பிடித்து மூன்று படி ஏறியவர் நின்று, என் பக்கம் திரும்பினார்.

“பாக்கியம்மா, லுஹருக்கு இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?”

எனக்கு எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. மணி பத்துகூட ஆகவில்லை.