இசக்கிதுரைக்குக் கல்யாணம் ஆகவில்லை

கலைச்செல்வியின் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மாப்பிள்ளையின் அம்மா பேச்சித்தாய். இன்னொருவன் மாப்பிள்ளையின் சிநேகிதன், மேலப்பாளையம் சுஹைல். பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். மருதங்குறிச்சி ஆற்றங்கரையில், வாழைத்தோட்டத்துக்கு நடுவே இருக்கிற இசக்கியம்மன் கோயிலில் நடந்தது. செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாளில் அங்கே பூசாரிகூட வருவதில்லை. அதனால்தான் அந்தக் கோயில். சுஹைல் ஜங்ஷனில் வாங்கிக்கொண்டு வந்த மாலை, பைக்கில் வந்த காற்றில் பாதி உதிர்ந்திருந்தது.

இசக்கிதுரை கட்டிய மஞ்சள் கயிறு அவள் கழுத்தில் கொஞ்ச நேரம்தான் கிடந்தது. பேச்சித்தாயே அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். "அவன் காலம் முடிஞ்சு வரட்டும்ட்டி. ஊரறிய இன்னொரு தடவ கட்டிக்கிடுவோம்" என்றாள். கலைச்செல்வி தலையாட்டிவிட்டு, நெற்றி வகிட்டில் வைத்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு.

இவ்வளவு ஒளிவு மறைவு எதற்கு என்றால், இசக்கிதுரை அக்னிவீரர். பட்டாளத்தில் நாலு வருஷத்துக்கு மட்டும் சேர்ந்தவன். அந்த நாலு வருஷமும் கல்யாணம் பண்ணக் கூடாது என்பது விதி. முடிகிறபோது நாலில் ஒரு பங்கு பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் ஊர் திரும்ப வேண்டியதுதான். அந்த நாலில் ஒருவனாகத் தான் இருப்பேன் என்பதில் இசக்கிதுரைக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. கால்வாய்க் கரையில் சுஹைலோடு ஓடிப் பழகிய காலத்திலேயே அப்படித்தான். காலில் முள் தைத்தால் நிற்காமல் ஓடி முடித்துவிட்டு வந்து எடுப்பான். இரண்டு பேரும் ஒரே ஆள்சேர்ப்பில் தேறி, ஒரே படைப்பிரிவுக்குப் போனார்கள்.

கலைச்செல்வியின் அப்பா காசிலிங்கத்துக்கு இந்த வேலை ஒன்றும் பெரிதாகப் படவில்லை. பேச்சித்தாய் அவருடைய சொந்த அக்கா. இசக்கிதுரை முறை மாப்பிள்ளை. சின்ன வயதிலிருந்தே ஊரில் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் பேசுவார்கள். ஆனால் காசிலிங்கம், நாலு வருஷ வேலைக்காரனுக்குப் பெண் கொடுத்துவிட்டு அப்புறம் அவன் இங்கன வந்து வாழைத்தார் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். திசையன்விளையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்திலிருந்து பெண் கேட்டு ஆள் வந்துபோனது. அந்தப் பேச்சு முற்றுவதற்குள் தம்பி மகளைத் தன் வீட்டு மருமகளாக்கிவிட வேண்டும் என்று அவசரப்பட்டவள் பேச்சித்தாய்தான். கோயிலைச் சொன்னதும் அவள், நாளைச் சொன்னதும் அவள்.

லீவு முடிந்து இசக்கிதுரை காஷ்மீர் எல்லைக்குப் போனான். சிக்னல் கிடைக்கிற சாயங்காலங்களில் பேசுவான். நாடு, கடமை என்று பெரிய வார்த்தை எதுவும் அவன் வாயிலிருந்து வராது. ரொட்டி தின்று வயிறு மக்கர் பண்ணுவதைச் சொல்லுவான். பனியில் துப்பாக்கியின் இரும்பு விரலோடு ஒட்டிக்கொள்வதைச் சொல்லுவான். ஏப்ரல் கடைசியில் அங்கே நிலைமை மோசமானபோது, உடம்பு சரியில்லை என்று எதையாவது சொல்லிக் கீழே வந்துவிட முடியாதா என்று அவள் கேட்டாள். கேட்டபோதே வெட்கமாகத்தான் இருந்தது.

அவன் கோபப்படவில்லை. "நான் கீழ இறங்குனா என் எடத்துல இன்னொருத்தன் நிக்கணும்லா கலை. அவனுக்கும் ஒரு வீடு இருக்கும்லா" என்றான்.

அப்புறம் மே மாதம் சண்டை மூண்டது. போன் வருவது நின்றது. பரிசோதனை நிலையத்தில் ஆட்கள் காத்திருக்கிற இடத்தில் ஒரு டிவி உண்டு. அதில் நாள் முழுக்க வரைபடமும் சைரன் சத்தமும்தான். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வந்த காரியத்தை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சர்க்கரை பார்க்க வந்த ஒரு பெரியவர், அவள் ஊசியைக் கையில் எடுத்த பிறகும் முஷ்டியை மடக்கிக்கொண்டு, "விடக் கூடாதும்மா. இந்தத் தடவ உள்ள பூந்து அடிச்சிரணும்" என்றார். நரம்பு விம்மிக்கொண்டு நின்றது. ஊசியை ஏற்றிவிட்டு, கையை விரிங்க அய்யா என்று அவள் சொன்னாள். விரித்தார். அவர் சொல்லுகிற அந்த உள்ளே புகுகிறவனுக்குத் தான் பெண்டாட்டி என்று அவளால் சொல்ல முடியவில்லை. கூட வேலை பார்க்கும் பிருந்தா, என்னடி முகம் பேயறைந்த மாதிரி இருக்கிறது என்று கேட்டதற்கு, அத்தை மகன் அங்கே இருக்கிறார் என்று மட்டும் சொன்னாள். அத்தை மகனுக்கு எவ்வளவு கவலைப்படலாமோ அவ்வளவுதான் அவள் முகத்தில் காட்டலாம்.

சண்டை நின்றது என்று டிவியில் சொன்ன சாயங்காலம் ஊரில் வெடி போட்டார்கள். அவள் பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். போன் கிடைத்ததும் கூப்பிடுங்கள் அத்தான் என்று ஒரு செய்தி அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. மலையில் சிக்னல் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் அதை அனுப்பியபோது இசக்கிதுரை உயிரோடு இல்லை. அன்று காலையிலேயே அவன் நின்ற காவல் குழியின்மேல் குண்டு விழுந்துவிட்டது.

மறுநாள் வேலை முடிந்து ஊருக்குப் பஸ்ஸில் வரும்போது, முன்சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் போனில் ஸ்டேட்டஸ் தள்ளிக்கொண்டே வந்தாள். அதில் இசக்கிதுரையின் முகம் வந்தது. சீருடை, பின்னால் கொடி, கீழே ரோஜாப்பூ. சண்டையில் இருக்கிறான் என்று யாரோ பெருமைக்குப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அந்தப் பெண் அடுத்ததற்குத் தள்ளிவிட்டாள். அதிலும் அவன் முகம். இந்தத் தடவை எழுத்தைப் படித்தாள். வீரவணக்கம் என்று இருந்தது. பஸ் மேற்கொண்டு எத்தனை ஸ்டாப் போனது என்று அவளுக்குத் தெரியாது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, கண்டக்டர் எழுப்பித்தான் இறங்கினாள்.

பெட்டியோடு கூட வந்தது சுஹைல்தான். ஊரைத் தெரிந்தவன் என்று அவனையே அனுப்பியிருந்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம். எல்லாக் கட்சிக்காரர்களும் வந்தார்கள். மேலப்பாளையத்திலிருந்து சுஹைலின் தெருக்காரர்கள் ஒரு வேன் பிடித்து வந்து மோர்ப்பந்தல் போட்டார்கள். பார்த்தறியாத முகங்கள் பெட்டியைத் தொட்டுத் தொட்டு அழுதன. கலைச்செல்வி வயசுப்பிள்ளைகளோடு சுவரோரமாக நின்றாள். அவள் கையை அம்மா விடாமல் பிடித்திருந்தாள். ஒரு டிவிக்காரர் மைக்கை நீட்டி, நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் அம்மா, மாமன் மகள் என்று சொல்லிவிட்டாள். மைக் வேறு பக்கம் போனது.

பெட்டியை ஆற்றங்கரைக்கு எடுக்கும் முன் கலைச்செல்வி கொல்லைப்பக்கம் அத்தையைத் தேடிப் போனாள். ஒரு தடவை அவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் என்று கேட்டாள். பேச்சித்தாய்க்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் அவள் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது.

"வாயத் தொறந்துராதட்டி. கல்யாணம் முடிச்சவன்னு தெரிஞ்சா அவன் பேர அழிச்சிருவாவ. எம்புள்ள பட்டாளத்த ஏமாத்துனவன்னு ஆயிரும்."

அப்படி ஒரு விதி உண்டா, செத்தவன் மேல் அது பாயுமா என்று யாரும் எங்கேயும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்கிற பயம். அந்தப் பயமே கடைசிவரை விதியாக இருந்தது.

வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். கொடியை மடித்துப் பேச்சித்தாயிடம் கொடுத்தார்கள். பதினாறாம் நாள் விசேஷத்தில் கலைச்செல்வி பந்தியில் சாம்பார் ஊற்றினாள். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா வழக்கம்போல அவள் தலையில் பிச்சிப்பூ வைத்தாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். புருஷனைப் பறிகொடுத்த பெண்களைப் பார்க்க ஊர் திரண்டு வரும், கட்டிக்கொண்டு அழும். அவளுக்கு ஒரு நாள் லீவுகூடக் கேட்க முடியவில்லை. அத்தை மகன் செத்ததற்கு எத்தனை நாள் லீவு கொடுப்பார்கள்.

ஆவணி பிறந்ததும் காசிலிங்கம் திசையன்விளைப் பேச்சை மறுபடி எடுத்தார். அவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள், நல்ல மனிதர்கள் என்றார். அன்றைக்குத்தான் கலைச்செல்வி சொன்னாள். தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, யாரோடு, எங்கே, யார் முன்னால் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். காசிலிங்கம் சட்டையைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து, பைய சொன்னார். அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்று அக்கா சாமி படத்தின்மேல் கை வைத்துச் சொல்லிவிட்டாளாம். பிள்ளைக்கு அவன்மேல் ஆசை இருந்திருக்கும், அந்த ஏக்கத்தில் ஏதோ உளறுகிறாள், கோபப்படாதே என்றும் சொன்னாளாம்.

கலைச்செல்வி சுஹைலுக்குப் போன் பண்ணினாள். அவனும் அதே நாலு வருஷக்காரன். தெரிந்தே மறைத்தவன் என்று வெளியே வந்தால் அவன் நிரந்தரம் ஆவது கேள்விக்குறி. அதைச் சொல்லி, வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள் அண்ணே என்றாள். அவன் லீவு கேட்டு வந்தான். மேலப்பாளையத்துக்குக்கூடப் போகாமல், ரயிலை விட்டு இறங்கிய கையோடு பையும் தோளுமாக வீட்டுக்கு வந்து, காசிலிங்கத்தின் முன்னால் நின்றான்.

"மாமா, நாந்தான் மால வாங்கிட்டு வந்தேன். அல்லா மேல சத்தியமா நடந்துச்சு. தங்கச்சி பொய் சொல்லல" என்றான்.

காசிலிங்கம் அவனை உட்காரச் சொன்னார். காப்பி போடச் சொன்னார். காப்பி வந்ததும் குனிந்து டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். மகள் சொன்னது நிஜம் என்று அவர் நம்பிவிட்டது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கலைச்செல்விக்கு அந்த நேரத்தில் இனி அழலாம் என்று தோன்றியது. அப்பா நிமிர்ந்தார்.

"உன்னையும் அக்காவையும் விட்டா வேற யாருக்கும் தெரியாதுல்லா?" என்று சுஹைலிடம் கேட்டார்.

தெரியாது என்றான்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார்.

பிறகு மகளிடம் திரும்பிப் பொறுமையாகவே பேசினார். ஊரே அவனைக் கும்பிடுகிறது, பள்ளிக்கூடத்தில் படம் மாட்டியிருக்கிறார்கள், ஊர் முக்கில் சிலை வைக்கப் போகிறார்கள். இப்போது போய் இதைச் சொன்னால் அவனுக்கும் அசிங்கம், உனக்கும் அசிங்கம். அவன் நாட்டுக்காக உயிரையே கொடுத்தான், நீ அவனுக்காக இந்த ஒரு பேச்சை விழுங்கக் கூடாதா என்று கேட்டார். சுஹைல் காப்பியைத் தொடாமல் எழுந்து போனான். அதன் பிறகு அவன் அந்த வீட்டுக்கு வரவில்லை.

அவள் கடைசியாக ஒரு தடவை அத்தையிடம் போனாள். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், மருமகளாக வேண்டாம், துணைக்கு வந்து தங்கியிருக்கிற தம்பி மகளாக உங்களோடு இருந்துவிடுகிறேன் என்றாள். பேச்சித்தாய் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவிக் கொடுத்தாள். ஆனால் சம்மதிக்கவில்லை. வயசுப்பிள்ளை கல்யாணம் காட்சி இல்லாமல் தன் வீட்டில் வந்து கிடந்தால் நாலு பேர் யோசிப்பார்கள், யோசித்தால் கண்டுபிடிப்பார்கள் என்றாள். அந்தக் கயிறு எங்கே அத்தை என்று கேட்டதற்கு, ஆற்றோடு விட்டாயிற்று என்றாள். எப்போது என்று கலைச்செல்வி கேட்கவில்லை.

அதற்கு மேல் அவளிடம் பலம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இருந்தது ஒரே காரணம். அதைச் சொல்லக் கூடாது என்றால் பிறகு சொல்ல என்ன இருக்கிறது. தையில் கல்யாணம். இந்தத் தடவை மண்டபம், மேளம், ஊர்ச் சாப்பாடு எல்லாம் இருந்தது. பேச்சித்தாய் அத்தை முறைக்குச் சீர் கொண்டுவந்தாள்.

மாப்பிள்ளை சுயம்புலிங்கம் கெட்டவன் இல்லை. அதட்டிப் பேசமாட்டான். பெண்டாட்டிக்கு வேலை பிடித்திருக்கிறது என்று திசையன்விளையிலேயே ஒரு பரிசோதனை நிலையத்தில் சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தான். கடையில் கல்லாவுக்கு மேலே இசக்கிதுரையின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். சரக்கு எடுக்க வருகிற அண்ணாச்சிமாரிடம், நம்ம வீட்டம்மாவோட சொந்த அத்தை மகன் என்று சொல்லிக் காட்டுவான். சுதந்திர தினம், குடியரசு தினம் வந்தால் அவன் ஸ்டேட்டஸில் அந்த முகம்தான். இப்படி ஒரு குடும்பத்தில் பெண் எடுத்ததில் அவனுக்கு உண்மையாகவே பெருமை.

முதலாண்டு நினைவு நாளில் மருதங்குறிச்சி முக்கில் மார்பளவுச் சிலையைத் திறந்தார்கள். சுயம்புலிங்கம் கடையை அடைத்துவிட்டுக் கார் பிடித்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். சிலை இசக்கிதுரையின் சாயலில் இல்லை. மூக்கு யாருடையதோ. மீசை ரொம்பப் பெரிது. பேச்சித்தாயை மேடையில் நடு நாற்காலியில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். சொந்தக்காரர்களுக்கு முன்வரிசை. கலைச்செல்விக்கு அப்போது ஐந்தாம் மாதம் நெருங்கியிருந்தது. வெயில் படாமல் இருக்கட்டும் என்று புருஷன் அவளை மின்விசிறிக்கு நேரே உட்காரவைத்தான்.

வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் நன்றாகப் பேசினார். எல்லைச் சாமி என்றார், தாமிரபரணி பெற்ற தங்கம் என்றார். அப்புறம் குரலை இறக்கி, "இந்த வயதில் மற்ற பிள்ளைகளுக்கு ஆயிரம் ஆசை இருக்கும். இவனுக்கு ஒரு பெண்ணின் முகம்கூட மனதில் இல்லை. தாய்நாட்டையே மணமுடித்துக்கொண்ட மாப்பிள்ளை இவன்" என்றார்.

கூட்டம் பலமாகக் கை தட்டியது. மேடையில் பேச்சித்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெற்றவள் அழுகிறாள் என்று பார்த்தவர்களும் அழுதார்கள். சுயம்புலிங்கம் கண்கலங்கிப்போய்த் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பெண்டாட்டி கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டு, நாலு பேர் பார்க்கிறார்கள், தட்டு என்று மெதுவாகச் சொன்னான்.

கலைச்செல்வி தட்டினாள்.