மரியதாஸ் அண்ணையும் ஆமைப் படமும்

மரியதாஸ் அண்ணை போய்விட்டார். இங்கே கனடாவில், ஒஷாவாவில், மகள் வீட்டில்... நித்திரையிலேயே. இன்று காலை தங்கச்சி சுபா ஃபோன் பண்ணிச் சொன்னாள்.

ஸ்காபரோவில் அவருடைய வீடியோக் கடையில் வாடகைக்குப் படம் எடுத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். மன்னார்க்காரர். பெரிய மீசை, எந்த வெயிலிலும் ஒரு ஸ்வெட்டர்.

டிவிடியைத் திருப்பிக் கொடுக்கப் போனால் சும்மா விடமாட்டார். எப்படி இருந்தது என்று கேட்பார். "நல்லம்" என்று மட்டும் சொன்னால் காணாது... எது நல்லம் என்றும் சொல்லவேண்டும்.

2009. ஊரில் சண்டை முடிகிற கிழமைகள். சுபா வன்னிக்குள் இருந்தாள், ஒரு தகவலும் இல்லை. எங்கள் வீட்டில் டிவிச் செய்தியை நிற்பாட்டுவதே இல்லை. ஆறு வயது மகளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் வேலை முடிந்து வருகிற வழியில் கடைக்குள் போய், பிள்ளைக்கு ஏதாவது கார்ட்டூன் வேண்டும் என்று கேட்டேன். அந்த நாட்களில் படம் எடுக்க ஒருவரும் வருவதில்லை. அண்ணை ரேடியோவைப் போட்டுவிட்டுத் தனியே இருந்தார்.

ஒரு ஜப்பான் கார்ட்டூனை எடுத்துத் தந்தார். உலகமெல்லாம் பரிசு வாங்கின படமாம். கரையில் ஊர் எரிகிறது. ஒரு சின்னப் பெண், தீவு அளவு பெரிய ஆமை ஒன்றைக் கெஞ்சி நிறுத்தி, சனத்தையெல்லாம் அதன் முதுகில் ஏற்றிக் கடல் தாண்டுகிறாள். பெயர் இப்போது வாயில் வரமாட்டேன் என்கிறது. எங்கள் வீட்டில் அது ஆமைப் படம்.

"ஜப்பான் பாசை எனக்கு விளங்காது, கீழ வாற எழுத்தும் வாசிக்கேல்லை," என்றார். "ஆனா உதில ஒருத்தரும் அவசரப்பட்டுச் சாப்பிடுறேல்லை. அதுக்காகவே திரும்பத் திரும்பப் பாத்தனான். நீங்களும் பிள்ளையோட இருந்து பாருங்கோ."

இருந்து பார்த்தேன். ஆமையின் முதுகில் எல்லோரும் வட்டமாக இருந்து சூப் குடிக்கிற இடத்தில் மகள் என் மடியில் ஏறி இருந்தாள்... அன்றைக்குத்தான், பல நாளைக்குப் பிறகு, நானும் ஒழுங்காகச் சோறு சாப்பிட்டேன்.

போர் முடிந்து கொஞ்ச நாளில், சுபா முகாமில் உயிரோடு இருக்கிறாள் என்று செய்தி வந்தது. கடைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணை நெற்றியில் தொட்டுச் சிலுவை போட்டார்.

சில வருடம் கழித்து அவள் இங்கே வந்து சேர்ந்தாள். வந்தவள் கதைக்கவே மாட்டாள். ஓம், இல்லை, பசிக்கேல்லை... இவ்வளவுதான். கேட்க எங்களுக்கும் பயம்.

சித்திக்கு ஆமைப் படம் காட்டவேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். திரும்பவும் எடுத்து வந்தோம். சுபா முழுதும் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் எங்கே இருந்து வந்தவள் என்று அண்ணைக்குத் தெரியும். ஆனாலும் எல்லோரிடமும் கேட்பதைத்தான் அவளிடமும் கேட்டார்.

"பிழை," என்றாள் சுபா.

டிவிடியைக் கவுண்டரில் வைத்தாள்.

"ஆமையில ஏறினாப் பிறகு ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. நாங்கள் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டுதான் வந்தனாங்கள்."

அண்ணை ஆறுதல் சொல்லவில்லை. கவுண்டருக்குப் பின்னால் இருந்த தன்னுடைய கதிரையைத் தூக்கி வந்து அவளுக்குப் போட்டார்.

"வேற எது பிழை?" என்றார்.

அவள் சொல்லத் தொடங்கினாள்... எரிகிற ஊரில் சத்தம் அப்படி இருக்காது என்றாள். தாய்மார் பிள்ளையை ஒற்றைக் கையால் பிடிக்கமாட்டார்கள் என்றாள். படத்தில் தொடங்கின கதை எங்கெங்கோ போனது. வீட்டில் எங்களுக்குச் சொல்லாததெல்லாம் அங்கே சொன்னாள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அண்ணை நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் கரை சேர்ந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிக் கழுவுகிற இடம் மட்டும் சரி என்றாள் கடைசியில். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கனடா வந்தபின் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அந்தப் படத்தை யாருக்குக் கொடுத்தாலும், அருமையான படம், ஆனால் சில இடங்கள் பிழை என்று சொல்லித்தான் கொடுப்பாராம்.

டிவிடிக் காலம் முடிந்து கடையும் பூட்டியாயிற்று. அண்ணை ஒஷாவா போனார். சுபா கலியாணம் கட்டிப் பிக்கரிங் போனாள். ஞாயிறு பின்னேரங்களில் இரண்டு பேருக்கும் ஃபோனில் படச் சண்டை... போன கிழமைகூட ஏதோ ஒரு கொரியன் சீரியலுக்காக.

சனிக்கிழமை அடக்கப் பூசை. சுபா வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். அவர் எங்களுக்கு என்ன முறை என்று அவளுடைய சின்னவள் கேட்டாளாம்.

"சொந்தமில்லையம்மா. என்ர ஃப்ரெண்ட்," என்றாளாம்.

சமாதானமாய்ப் போங்கோ அண்ணை...